பொடியனும் சிவப்புக் கோடும்

"இவன் எவ்வளவு உயரம் வளருவான் டாக்டர்?"

கால்நடை டாக்டர் நாய்க்குட்டியின் முன்னங்காலைத் தூக்கிப் பார்த்தார். மூன்று மாதக் குட்டிதான். ஆனால் பாதம் மட்டும் பன் அளவுக்கு இருந்தது.

"அஸ்திவாரத்தைப் பார்த்தாலே தெரியலையா? இவனோட அப்பா, அம்மா என்ன சைஸ்?"

"பார்க்கல டாக்டர். என் மச்சினன், பொண்ணோட பிறந்தநாளுக்குன்னு கொடுத்துட்டுப் போயிட்டான்."

"பெரிய ஜாதி சார். ஒரு வருஷத்துல தோள் வரைக்கும் முப்பது இஞ்ச் வரும். கூடினாலும் கூடும், குறையாது."

முப்பது இஞ்ச் என்றால் இரண்டரை அடி என்று அப்பா மனசுக்குள் கணக்குப் போட்டார். மடியில் குட்டியோடு உட்கார்ந்திருந்த எட்டு வயது மகள், "பொடியன்னு பேர் வச்சிருக்கேன் டாக்டர்" என்றாள்.

அப்பா கணக்குப் போட்டதற்குக் காரணம் உண்டு. அவர்களுடைய அடுக்குமாடியில் லிப்ட் பக்கத்துத் தூணில், இரண்டடி உயரத்தில் ஒரு சிவப்புக் கோடு. அதற்கு மேலே பலகை: 'தோள் உயரம் இக்கோட்டைத் தாண்டும் நாய்களுக்கு இங்கு இடமில்லை.'

எழுதி மாட்டியவர் குடியிருப்புச் சங்கத்தின் செக்ரட்டரி. ஓய்வுபெற்ற சர்வேயர். சட்டைப் பையில் பேனா இருக்கிறதோ இல்லையோ, டேப் இருக்கும். பூந்தொட்டி நடைபாதையில் அரை இஞ்ச் நீட்டினாலும் நோட்டீஸ் அனுப்புவார். குடியிருப்பில் அவருக்குப் பெயரே 'இஞ்ச் டேப்'.

டாக்டரிடமிருந்து திரும்பியவர்களைச் செக்ரட்டரி வாசலிலேயே மறித்தார். "டாக்டர் என்ன சொன்னார்? எவ்வளவு வளருமாம்?"

"ரெண்டடிக்கு மேல போகாதாம் சார்" என்று கூசாமல் சொன்னார் அப்பா.

செக்ரட்டரி குட்டியின் பாதத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார். "சரி. மாசாமாசம் ஒண்ணாம் தேதி தூண்கிட்ட கொண்டு வந்து நிறுத்துங்க. கோட்டைத் தாண்டினா, பேச்சுக்கே இடமில்லை."

"கல்நெஞ்சுக்காரர்!" என்று வீட்டுக்குள் வந்து பொருமினாள் அம்மா.

மகள் அழவில்லை. பயிற்சியில் இறங்கிவிட்டாள். "பொடியா, அடக்கம்!" என்றால் காலை லேசாக மடக்கி நிற்க வேண்டும். ஒரு பிஸ்கட் பாக்கெட் காலியானதும் அவனும் கற்றுக்கொண்டான்.

ஒவ்வொரு ஒன்றாம் தேதியும் அதே கூத்துதான். தூண் அருகே குடியிருப்பே கூடும். மகள் "அடக்கம்" என்று கிசுகிசுப்பாள். செக்ரட்டரி மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு குனிந்து பார்ப்பார்.

"கோட்டுக்குக் கீழேதான் இருக்கு. போகலாம்."

நான்கு மாதம் இப்படியே ஓடியது. மகளின் சாமர்த்தியத்தை நினைத்து அப்பாவுக்கு ஒரே பெருமை. "அந்த மனுஷன் கண்ணுலயே மண்ணைத் தூவிட்டா பாரு!"

ஒரு ஞாயிற்றுக்கிழமை, மதியச் சாப்பாட்டின்போது பொடியன் நின்றபடியே மேஜைமேல் முகத்தை நீட்டி, அப்பாவின் தட்டைக் காலி செய்தான்.

அம்மா அவனை உற்றுப் பார்த்தாள். "ஏங்க, இந்த மேஜையே ரெண்டரை அடி. இவன் முதுகு கிட்டத்தட்ட அதுக்குச் சமமா நிக்குது. என்னதான் காலை மடக்கினாலும், ரெண்டடிக் கோட்டுக்குக் கீழ எப்படிங்க வருவான்?"

அப்பா காலண்டரைப் பார்த்தார். நாளைக்கு ஒன்றாம் தேதி. அம்மாவின் தையல் பெட்டியிலிருந்த டேப்பை எடுத்துக்கொண்டு கீழே இறங்கினார்.

குடியிருப்பு முழுக்கச் சாப்பிட்ட மயக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்தது. தூண் அருகே மட்டும் ஒருவர் முக்காலி போட்டுக் குனிந்து உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் இரண்டு பெயிண்ட் டப்பாக்கள். வெள்ளையை அடித்துப் பழைய கோட்டை மறைத்தாகிவிட்டது. அதற்கு இரண்டு விரல்கடை மேலே, டேப் பிடித்து, சிவப்பில் புதுக் கோடு போய்க்கொண்டிருந்தது.

"சார்... நீங்களா?"

செக்ரட்டரி திரும்பாமலே பேசினார். "கோட்டைத் தாண்டக் கூடாதுன்னுதான் பலகையில இருக்கு. கோடு எத்தனை அடியில இருக்கணும்னு எழுதல. எழுதினவன் நான்தானே, எனக்குத் தெரியாதா?"

அப்பாவுக்குக் கண் கலங்கிவிட்டது. "உங்களைப் போய் நாங்க என்னென்னவோ..."

"அதை விடுங்க. ரெண்டடிதான் வளரும்னு அன்னைக்கு வாசல்ல வச்சு அளந்தீங்களே, இப்பவாவது டாக்டர் சொன்ன நிஜ உயரத்தைச் சொல்லுங்க. ஒரேயடியா போட்டுடறேன். மாசாமாசம் குனிய இடுப்பு ஒத்துழைக்க மாட்டேங்குது!"