பாதருக்கு வழியனுப்பு விழா

பாதருக்கு மாற்றல் வந்துவிட்டது. வழக்கம்போல, மாற்றல் போட்ட ஆயர் காரணம் சொல்லவில்லை. பாடகர் குழு அக்காதான் பலூன், கேக், மைக்செட் என்று குதியாட்டம் போட்டாள்.

“நீங்க முன்னாடி இருந்த பங்குக் கோயில்கள்ல இருந்தெல்லாம் ஆளுங்க வந்திருக்காங்க பாதர்.”

பாதருக்குத் தலைகால் புரியவில்லை. “எல்லாரையும் நீயா கூப்பிட்ட?”

“ஒருத்தியைத்தான் கூப்பிட்டேன். மத்தவங்களை அவளே தேடிப் பிடிச்சுட்டா.”

கேக் வெட்டினார். முன்வரிசையில் ஆணும் பெண்ணுமாக இளசுகள் விழுந்து விழுந்து கைதட்டினார்கள்.

“வேன் வந்தாச்சு பாதர், ஏறுங்க.”

“புதுப் பங்குல இருந்தா?”

“போலீஸ் ஸ்டேஷன்ல இருந்து. சின்ன வயசுல நீங்க சீரழிச்ச பிள்ளைங்கதான் இவங்க. அடையாளம் காட்ட வந்திருக்காங்க.”

பாதர் ஆயருக்குப் போன் போட்டார். மணி அடித்துக்கொண்டே இருந்தது.

“விடுங்க பாதர்,” என்றாள் அக்கா. “இந்தத் தடவை மாற்றல் போட்டது நாங்க.”