முதலை அசைய வேண்டும்

ஊர்வனப் பூங்காவின் கடைசித் தொட்டியில், சிமென்ட் திட்டின் மேல், முதலை வாயைப் பிளந்தபடி கிடக்கிறது. உச்சி வெயில் அதன் பற்களில் பளபளக்கிறது. யாரோ எறிந்த நாணயம் ஒன்று அதன் முதுகில் அப்படியே உட்கார்ந்திருக்கிறது. வேலிக் கம்பியைப் பிடித்திருக்கும் மகள், "பொம்மையாப்பா?" என்கிறாள். "நிஜம்டா கண்ணு, இப்ப அசையும் பாரு" என்று அப்பா கைதட்டுகிறார், விசிலடிக்கிறார், செருப்புக் காலால் தரையை உதைக்கிறார். விவாகரத்துக்குப் பிறகு மாதத்தில் ஓர் அரைநாள்தான் மகள் அவருக்கு. அந்த அரைநாளைத்தான் இந்தத் தீவுச் சுற்றுலாவில் கொண்டுவந்து கொட்டியிருக்கிறார். கடலோரக் குகை வந்தபோது அவள் வேனில் தூங்கிவிட்டாள். கலங்கரை விளக்கம் பூட்டிக் கிடந்தது. மிச்சம் இந்த முதலைதான். வெளியே ஹாரன் அலறுகிறது. "சார், படகு போயிடும், வாங்க!" என்று டிரைவர் கத்துகிறார். "ஒரே நிமிஷம்ப்பா" என்றவர் வேலியில் முகத்தை அழுத்திக்கொண்டு, "உன் கால்ல வேணா விழறேன், ஒரே ஒரு தடவை அசைஞ்சு காட்டுடா" என்று முதலையிடம் கெஞ்சுகிறார். குரல் உடைகிறது. மகள் அவர் சட்டை நுனியை இழுக்கிறாள். "அசைஞ்சுதுப்பா. வாலை ஆட்டிச்சு, நான் பாத்தேன்" என்கிறாள், அவர் முகத்தையே பார்த்தபடி. முதலையின் முதுகில் நாணயம் அப்படியே இருக்கிறது.