மாம்பழ சார்

எரியும் தீக்குச்சி போட்ட பாட்டிலுக்குள் அவித்த முட்டை தானாக வழுக்கி விழுந்ததும் இருபத்திரண்டு பிள்ளைகளும் வாயைப் பிளந்தார்கள். முன்வரிசைப் பையன் ஒருவன் நெஞ்சில் கை வைத்துக்கொண்டு பின்னால் சாய்ந்தே விட்டான்.

யூசெங்குக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. தைதுங் மலையில் இருக்கும் இந்தப் புனுன் பழங்குடிக் கிராமத்துக்குத் தலைநகர் தைபேயிலிருந்து ஒன்பது கல்லூரி மாணவர்களைத் திரட்டிக்கொண்டு வந்தவன் அவன். ஐந்து நாள் கோடை முகாமுக்கு 'மலைக்குச் சிறகுகள்' என்று பெயர் வைத்தவனும் அவன்தான். மலைக்கு அதுவரை சிறகு இல்லை என்று அவனுக்கு யார் சொன்னார்களோ தெரியாது.

முகாமில் சொந்தப் பெயர் கிடையாது, பட்டப்பெயர்தான். அவன் மாம்பழம். வீடியோ எடுக்கும் தோழி சோயாபால்.

"பாத்தியா, கண்ணைக் கொட்டாம பாக்கறாங்க," என்றான் அவளிடம். "இந்த மாதிரி எதையும் அவங்க பாத்ததே இல்ல."

"நீ பாட்டில் வாயில தண்ணி தடவ மறந்துட்ட. அந்தப் பொண்ணு புனி தடவி வைக்கலேன்னா முட்டை இன்னும் மேலயே உக்காந்திருக்கும்."

"கெட்டிக்காரப் பொண்ணு. சொல்லாமலே புரிஞ்சுக்கறா."

கை துடைக்க எதையாவது தேடிக் கால்சட்டைப் பைக்குள் கையை விட்டான். காய்ந்து இறுகிப்போன ஒரு காகித உருண்டை அகப்பட்டது. எடுத்துப் பார்த்தவனுக்கு முகம் சுண்டிப்போனது.

அது முதல் நாள் புனி கணக்கு எழுதிக் கொடுத்த தாள். ஆறாம் வகுப்பு முடித்தவள். செப்டம்பரில் மலைக்குக் கீழே இருக்கும் பெரிய பள்ளிக்கு, விடுதியில் தங்கிப் படிக்கப் போகிறாள்.

"மாம்பழ சார், பின்னத்தைப் பின்னத்தால வகுக்கறது மட்டும் எனக்கு வரவே மாட்டேங்குது," என்று அன்றைக்குக் கேட்டிருந்தாள். "கீழ இருக்கற பசங்க எல்லாம் டியூஷன் போறவங்க. எங்க அக்காவை முதல் வாரமே போர்டுக்குக் கூப்பிட்டு இந்தக் கணக்கைத்தான் போடச் சொன்னாங்களாம். எல்லாரும் சிரிச்சாங்கன்னு அவ பையைத் தூக்கிக்கிட்டு மலையேறி வந்துட்டா. அப்புறம் போகவே இல்ல. இஞ்சித் தோட்டத்துல இருக்கா."

"நாளைக்குச் சொல்லித் தரேன்," என்றான் யூசெங்.

செவ்வாய்க்கிழமை நடனம். புதன்கிழமை சோடா உப்பில் எரிமலை. வியாழக்கிழமை கனவு மரம். பிள்ளைகள் ஆளுக்கொரு காகித இலையில் தங்கள் கனவை எழுதி ஒட்டினார்கள். விமானி, பாடகி, பேஸ்பால் வீரன் என்று மரம் நிறைந்தது. புனியின் இலையில் 'பின்னம்' என்று மட்டும் இருந்தது. வீடியோவில் நன்றாக இருக்காது என்று யூசெங்கே அதை உரித்துக் கீழ்க்கிளையில் ஒட்டினான்.

அது நினைவுக்கு வந்ததும் அவன் காது மடல் சுட்டது. இன்று வெள்ளி. இரண்டு மணிக்குப் பஸ்.

"எங்கடா போற?" என்றாள் சோயாபால். "பேனர் கட்டியாச்சு. குரூப் போட்டோ எடுக்கணும்."

"ஒரு நிமிஷம்."

"உன் ஒரு நிமிஷம் எனக்குத் தெரியாதா. முட்டை நாத்தம் அடிக்குது, கையையாவது கழுவிட்டு வா."

கூடைப்பந்துக் கம்பத்தடியில் பிள்ளைகள் அதற்குள் உயர வரிசையில் நின்றுவிட்டார்கள். ஓரத்தில் நின்ற புனியைக் கூப்பிட்டு, சுவர்ப் பக்கமாக அழைத்துப் போனான். அவள் முன்னால் குந்தி உட்கார்ந்து உள்ளங்கையை விரித்தான்.

"உன் தாள்தான். துணியோட சேத்துத் துவைச்சுட்டேன்."

புனி உருண்டையைப் பார்த்தாள். "பரவால்ல சார்."

"பரவால்லன்னு சொல்லாத, புனி. அஞ்சு நாள் இங்க இருந்தேன். ஆட்டம், பாட்டு, முட்டை, எல்லாத்துக்கும் நேரம் இருந்துச்சு. நீ கேட்டது ஒண்ணே ஒண்ணு. அரை மணி நேரம் ஆகியிருக்குமா?"

அவள் அக்காவின் பழைய பள்ளிச் சட்டையைப் போட்டிருந்தாள். தோளில் தையலைப் பிரித்துச் சிறிதாக்கியிருந்தது. செப்டம்பருக்கு அவள் தயாராகிக்கொண்டுதான் இருக்கிறாள் என்பது அவனுக்கு அப்போதுதான் உறைத்தது.

இருபத்தொரு வயதில் இப்படி ஒரு வெட்கத்தை யூசெங் பட்டதில்லை. பன்னிரண்டு வயதுப் பெண்ணின் முகத்தை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. "என்னை மன்னிச்சுரு," என்று ஆரம்பித்தான். கண்ணில் முட்டிய நீர் மூக்கோரமாக வழியத் தொடங்கியது.

புனி பதறிவிட்டாள். சட்டென்று கேமராப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். சோயாபால் இன்னும் ஸ்டாண்டைத்தான் நிறுத்திக்கொண்டிருந்தாள். நடனத்தில் அடி தப்பிய தோழியைத் திருத்துகிறவள் மாதிரி, புனி அவன் தோளைத் தட்டிக் குரலைத் தாழ்த்தினாள்.

"ஐயோ, இப்பவே அழாதீங்க சார். போட்டோ எடுத்தப்புறம்தான் எல்லாரும் அழணும்னு போன வருஷம் வந்த மாம்பழ சார் சொல்லிக் குடுத்திருக்கார்."