வியாழக்கிழமை நாலு மணி

"ஜீப் அனுப்பினா ஏறி வரணும். அதென்ன, வியாழக்கிழமை நாலு மணிக்குத்தான் வருவேன்னு சொல்லி அனுப்பறது?"

சங்கரலிங்கம் சுரங்கத்தில் பெரிய இன்ஜினியர். அவர் குரல் கேட்டால் ஒரு ஷிஃப்டே எழுந்து நிற்கும்.

ரேடியோ ரிப்பேர் துரைராஜ் நிதானமாக சைக்கிளைப் பூட்டினார். பங்களாவின் முன் கேட்டிலேயே.

"ஆரன் அடிச்சா ஓடியார நான் டிரைவர் இல்லீங்க. வடக்குத்துக் கடைத்தெருவுல கடை போட்டுகினு இருக்கேன். மத்தவங்க ரேடியோவும் வரிசையில நிக்குது."

"சைக்கிளைப் பின்பக்கம் விடு."

"போன ஐப்பசியில பின்பக்கம்தான் விட்டேன். ஒரு மணி நேரம் மழையில நிக்க வெச்சீங்க. மறக்கலீங்க."

சங்கரலிங்கத்தின் மனைவி சந்திரகலா எட்டிப் பார்த்தாள். "இந்த மாசத்துல இது நாலாவது ரிப்பேர். வேலை தெரியல, வாய் மட்டும் நீளம். வேற ஆளைப் பாருங்க."

"பண்ருட்டியிலேருந்து ஆள் கூட்டிட்டு வந்தா, இந்தத் தெருவுல ஒரு வீடு உனக்குக் கிடையாது. தெரியும்ல?" என்றார் சங்கரலிங்கம்.

துரைராஜுக்குத் தெரியும். பதினோரு பங்களா. இவர் ஒரு வார்த்தை சொன்னால் பதினொன்றும் போகும்.

"தாராளமா கூட்டியாங்க. நான் பாக்கணும்னா வியாழக்கிழமை நாலு மணி. ஒரு மணி நேரம். கதவு சாத்தியிருக்கணும். தலைக்கு மேல நின்னுகினு யாரும் கேள்வி கேக்கக் கூடாது."

"என் வீட்டு ரூம்ல நானே நுழையக் கூடாதா?"

"ஆமாங்க."

"கூலி எவ்வளவு?"

"சாமான் மாத்தினாத்தான் கூலி. இதுவரைக்கும் மாத்தல."

சங்கரலிங்கம் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"அப்பா அந்த ரூம்லதான் தூங்கறார். எழுப்பிடாதே."

"அவர் இருக்கட்டும். அவரு கேள்வி கேக்க மாட்டாரு."

சங்கரலிங்கம் ஜீப்பில் ஆபீசுக்குப் போனார். சந்திரகலா லேடீஸ் கிளப்புக்குக் கிளம்பினாள்.

துரைராஜ் உள்ளே போய்க் கதவைச் சாத்தினார்.

பெரியவர் இசக்கிமுத்து தூங்கவில்லை. குளித்து, சலவை வேட்டி கட்டி, திருநீறு பூசிக் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். கோவில்பட்டிப் பக்கத்து நிலத்தை விற்றுவிட்டு மகனோடு வந்து இரண்டு வருஷம். அவரோடு உட்கார்ந்து பேச இந்த வீட்டில் யாருக்கும் நேரமில்லை.

"வாரும் துரைராஜ். மயிலைக்காளை சந்தையில மெரண்டு ஓடிச்சே, அதுவரைக்கும் சொல்லியிருக்கேன்லா?"

"ஆமாங்க ஐயா. கவுத்தை அறுத்துகினு ஓடிச்சு. அப்புறம்?"

ஐந்து மணி வரை காளை ஓடியது.

பிறகுதான் துரைராஜ் ரேடியோவின் பின்பலகையைத் திறந்தார். இரண்டே நிமிஷம். பாட்டு வந்தது. பலகையை மூடுவதற்கு முன் பெரியவரைப் பக்கத்தில் அழைத்து உள்ளே காட்டினார்.

"அடுத்த வாரம் பிளக்கைக் கழட்டிட்டு, இந்தச் சிவப்பு ஒயரை மட்டும் பிடுங்குங்க ஐயா. வால்வுல கை வெச்சு ஒடைஞ்சிட்டா அந்தச் சாமான் எங்கயும் கிடைக்காது."