ஹாஃபிஸாவின் போனுக்குக் கொஞ்சம் வெயில்

பேகம்பூரில் நண்பகலில் கரண்ட் போகிறது. தன் மொபைல் கடையில், மனைவி ஹாஃபிஸாவின் போனுக்குப் புதுக் கண்ணாடி ஒட்டிக்கொண்டிருக்கிற ரஃபீக்கின், பசையை இறுக வைக்கும் ஊதா விளக்கு அணைகிறது. காயாத பசை ஸ்பீக்கர் ஓட்டையை நோக்கி மெல்ல நகர்கிறது. உள்ளே இறங்கினால் போன் காலி. மாமனார் ரஹ்மத்துல்லா தன் பெரிய டார்ச்சை அடித்துப் பிடிக்கிறார். "இம்புட்டு வெளிச்சம் பத்தாதா மாப்ள?" பி.எஸ்ஸி. இயற்பியல் படித்த ரஃபீக் பணிவாகச் சொல்கிறான்: "வெளிச்சம் பொடிப்பொடியாத்தான் வரும் மாமா. டார்ச்சுல கூட்டம் ஜாஸ்தி, ஒவ்வொண்ணுக்கும் தெம்பு கம்மி. பசை இறுகணும்னா ஊதாவுக்கும் அங்கிட்டு உள்ள பொடி வேணும். ஒத்தையா வந்தாலும் அது அடி பலமா அடிக்கும். வெயில்ல அது இருக்கு." "அப்ப எம் மக மாதிரின்னு சொல்லுங்க." ரஃபீக் போனை இரண்டு உள்ளங்கையிலும் ஏந்தித் தெருவுக்கு இறங்குகிறான். கொளுத்துகிற வெயிலில், கடைக்குள் இருந்த ஹாஃபிஸா பின்னாலேயே வந்து துப்பட்டாவை அவன் தலைக்கு மேல் விரித்துப் பிடிக்கிறாள். "நிழல் போன்மேல விழுதும்மா." அவள் ஒட்டி நின்றுகொள்கிறாள், நிழல் அவன் முகத்தோடு நின்றுவிடுகிறது. ஆட்டோக்கள் ஹாரன் அடித்து விலகிப் போகின்றன. ரஃபீக் கண்ணாடியின் ஓரத்தை நகத்தால் தட்டிப் பார்க்கிறான். கல்லாக இறுகியிருக்கிறது. "ஆச்சா மச்சான்?" என்கிறாள். அவன் போனையே பார்த்தபடி, முகத்தில் ஒன்றும் காட்டாமல், "இன்னும் செத்த நேரம்" என்கிறான்.