நீக்கத்துக்கு ஒரு வரிக் காரணம்

கேலரியின் கீழ்ப்படியில் தையல்காரர் சவரிமுத்து.

இரண்டு படி மேலே, தூணில் சாய்ந்து, ஓய்வுபெற்ற கண்டக்டர் அய்யாத்துரை.

நிழல் விழுந்த ஓரத்தில் கடலைக் கூடையோடு தாயம்மாள். மேட்ச் இல்லாத நாளிலும் கூடை இல்லாமல் வரமாட்டாள்.

நான்காமவர் கேலரியில் உட்காரவில்லை. கோல் கம்பத்துக்குப் பின்னால் கிடந்த ஸ்டூலை இழுத்துவந்து அவர்களுக்கு எதிரே போட்டுக்கொண்டார். மேட்ச் நாட்களில் அந்தக் கோலுக்குப் பின்னால்தான் அவருடைய இடம். கோல் கீப்பர் காளிராஜ் அவர் மகன்.

ஹாக்கி சீசன் முடிந்துவிட்டது. மைதானத்தில் ஆடுகள் மேய்ந்தன.

வருடா வருடம் இந்த நேரத்தில் மில் அணியின் செயலாளருக்கு ரசிகர்கள் ஒரு கடிதம் எழுதுவார்கள். அடுத்த சீசனில் யார் யார் இறங்க வேண்டும் என்று பதினொரு பெயர். யாரையாவது நீக்கினால் பக்கத்தில் ஒரு வரிக் காரணம். செயலாளர் பெரும்பாலும் அதைத் தட்டமாட்டார்.

எழுதுவது எப்போதும் அவர்தான். எழுத்து அச்சுப் போல் இருக்கும்.

சென்டர் ஃபார்வர்டு ரயில்வேக்குப் போய்விட்டான். அந்த ஒரு இடத்துக்கே முக்கால்வாசிப் பொழுது போனது. பிறகு லெஃப்ட் அவுட். பிறகு பின்வரிசை.

கடைசியில் கோல்.

"காளிராஜ எடுத்துட்டு வேற எவன நிப்பாட்ட?" என்றார் அய்யாத்துரை. "சாக்குல மண்ண ரொப்பிக் கெட்டித் தொங்க விடுவமா?"

"கடைசி மேட்ச்ல சாக்கு நின்னாக்கூட ரெண்டத் தடுத்திருக்கும்வே."

சொன்ன பிறகுதான் சவரிமுத்துவுக்கு எதிரே இருப்பவர் யார் என்று உறைத்தது. கால் விரலால் மண்ணைக் கிளறினார்.

"ஒரு மேட்ச்ச வச்சுப் பேசக் கூடாது," என்றாள் தாயம்மாள். "காளிராஜ்னே எழுதுங்க அண்ணாச்சி."

மூன்று கைகளும் உயர்ந்தன. சவரிமுத்துவின் கை எல்லாருக்கும் முன்னால்.

அவர் பேனாவைத் திறந்தார்.

கடைசி மேட்சில் ஒரு பந்து ஹெல்மெட்டின் முகக்கம்பியை வளைத்தது. கேலரி எழுந்து நின்று கை தட்டியது. பின்னால் இருந்தவருக்குத் தெரியும், அவன் அதைத் தடுக்கவில்லை. இடப்பக்கமிருந்து பந்து வந்ததே அவனுக்குத் தெரியவில்லை.

மறுநாள் மதியம், அவன் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, மேஜையில் ஓர் எலுமிச்சம்பழத்தை உருட்டிவிட்டார். இடப்பக்கமாக. அது அவன் கையை ஒட்டியே ஓடி விளிம்பைத் தாண்டியது.

விழுந்த சத்தத்துக்குத்தான் திரும்பினான்.

குனிந்து எடுத்தான். தட்டுக்குப் பக்கத்தில் வைத்தான்.

இருவரும் அந்தப் பழத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அவன் அம்மா மோர் கொண்டுவந்தாள்.

அணியில் இருக்கும்வரைதான் மில்லில் வேலை.

கண் என்று ஒரு சொல் எழுதினால் போதும். பிறகு இந்த மில் மட்டுமல்ல, எந்த மில்லும் கூப்பிடாது. வேறு ஏதாவது என்றால் வைவார்கள். வைதுவிட்டு, கையில் காலில் விழுந்தால், ஸ்டோர்ஸில் ஒரு மூலையிலாவது நிறுத்துவார்கள்.

ஒன்றுமே எழுதாமல் விட்டால், அடுத்த பந்து வலக்கண்ணையும் எடுத்துக்கொண்டு போகலாம்.

எழுதினார்.

எழுதியதை உரக்கப் படித்த பிறகே கையெழுத்து என்பது வழக்கம். படித்தார். "கோல் கீப்பர், ஜெபஸ்டின். காளிராஜ் நீக்கம். காரணம், பயிற்சிக்கு ஒழுங்காக வருவதில்லை. சோம்பல்."

ஆடு ஒன்று கத்தியது.

"அண்ணாச்சி," என்றாள் தாயம்மாள். "விடியுமுன்ன எங்க தெரு வழியாத்தான் அவன் ஓடுதான். தெனமும். நாய்கூடக் கொலைக்கிறத விட்டுட்டுது."

"நாங்கதான் அவன வேண்டாம்னு சொல்லலையே வே," என்றார் அய்யாத்துரை.

அவர் தாளை நீட்டினார்.

"பெத்த புள்ளைய இப்பிடி எழுதுத கையி வெளங்குமா?" சவரிமுத்து கேட்டார்.

"எழுதியாச்சு. போடுங்க."

பெற்றவனே சொன்ன பிறகு என்ன செய்ய? போட்டார்கள். சவரிமுத்து தாளை மட்டும் பார்த்துக் கையெழுத்திட்டார். தாயம்மாள் தன் பெயரை எழுத வழக்கத்தைவிட அதிக நேரம் எடுத்துக்கொண்டாள்.

உறையில் பசை தடவிக்கொண்டிருந்தபோது காளிராஜ் வந்தான். தோளில் கால் பேட். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. தனியாகவே பயிற்சி எடுத்துவிட்டு வருகிறான்.

"ஏலே, ஒங்கப்பா என்ன எழுதியிருக்காருன்னு கேளுலே," என்றார் சவரிமுத்து.

காளிராஜ் சவரிமுத்துவைப் பார்த்தான். தாயம்மாளைப் பார்த்தான். அவள் கூடைத் துணியைச் சரிசெய்தாள்.

அப்பாவைப் பார்க்க அவன் கழுத்தை முழுவதும் திருப்ப வேண்டியிருந்தது.

கேட்கவில்லை.

"குடுங்கப்பா. நான் போடுதேன்."

உறையை வாங்கினான். ஒரு மூலை சரியாக ஒட்டவில்லை. அதைக் கட்டைவிரலால் அழுத்தி, கொஞ்ச நேரம் அப்படியே பிடித்திருந்தான்.

தபால்பெட்டி மைதான வாசலில், இடப்பக்கம்.

கையை நீட்டினான். உறை, பெட்டியின் வாய்க்கு அரைச்சாண் தள்ளி இரும்பில் முட்டி வளைந்தது.

அவர் எழுந்துவிட்டார். கேலரிக்கும் தபால்பெட்டிக்கும் நடுவே போய் நின்று, தோளில் கிடந்த துண்டை எடுத்து விரித்து உதறினார். தூசி ஒன்றும் இல்லை. திரும்பவும் உதறினார்.

முதுகுக்குப் பின்னால் விரல்கள் இரும்பைத் தடவும் சத்தம்.

பிறகு, கடிதம் உள்ளே விழுந்தது.