தலைகீழ்ப் புத்தகம்

செங்கல்பட்டு ஷஃபியுல்லா சர்வீஸ் கமிஷன் பரீட்சையில் இரண்டு தடவை மண்ணைக் கவ்வியவன். 1958-ஆம் வருஷம் மூன்றாவது தடவை எழுதுவதற்காக, அணைகளையும் நதிகளையும் கண்ணை மூடிக்கொண்டு ஒப்பித்தான். மனைவி சம்சாத் பேகம் புத்தகமும் கையுமாக உட்கார்ந்து சரிபார்த்தாள்.

“ஹிராகுட் அணை, கோதாவரி.”

“மகாநதிங்க.”

“பக்ரா அணை, ஜீலம்.”

“சட்லெஜுங்க.”

அவனுக்குச் சுள்ளென்று ஏறியது.

“புத்தகத்தப் பாத்துகினு எந்தக் கழுதையும் சொல்லும்! நீயே பரீட்ச எழுதப்போற மாதிரி பீத்திக்காதே. குடு இப்படி!”

பிடுங்கப் போனவன் திகைத்து நின்றான். அவள் கையில் புத்தகம் தலைகீழாக இருந்தது.

“அஞ்சாங்கிளாஸ் படிச்சவன்னு உங்க வூட்ல சொன்னாங்களே! உனக்குப் படிக்கவே தெரியாதா?”

“தெரியாதுங்க.”

“அப்ப எப்டித் திருத்துன?”

“மூணு வருசமா நீங்க சத்தம் போட்டுப் படிச்சிகினு கீறீங்க. அடுப்பாண்ட கீற எனக்கே மனப்பாடம் ஆயிடுச்சி. உங்களுக்கு இன்னும் ஆவலியா?”